மண்ணெண்ணெய் ஊற்றிய சோளம்

செல்வம்மாளைச் சாமல்பட்டியில் யாரும் வெறுமனே செல்வம்மா என்று கூப்பிட்டதில்லை. கோலார் செல்வம்மா என்றால்தான் தெரியும். பிறந்தது பக்கத்துக் கல்லாவி. பதினாறு வயதில், தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பதினைந்து வருஷம் கோலாரில் தகரக் கூரை வீட்டில் குடித்தனம். பிள்ளை நிற்கவில்லை. பூமிக்கு அடியில் பாறை வெடித்து புருஷனும் போன பிறகு, 1950ஆம் வருஷம் ஒரு தகரப் பெட்டியோடு சாமல்பட்டி ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். கல்லாவியில் அண்ணன் வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்த்தாள். அண்ணி சோற்றைப் போட்ட விதமே போதும் போதும் என்று சொல்லியது. ஸ்டேஷனுக்கே திரும்பி வந்து, பாதை வேலை செய்கிற கேங்க் ஆட்களின் வீடுகளை ஒட்டி ஒரு குடிசை போட்டுக்கொண்டாள். கூட்ஸ் ஷெட்டில் மூட்டை ஏற்றி இறக்கும்போது சிந்துகிற தானியத்தைக் கூட்டி, புடைத்து, தரம் பிரித்துக் கொடுப்பது அவள் வேலை.

அவள் வந்த நேரமோ என்னவோ, மழை ஊரை மறந்துவிட்டது. முதல் வருஷம் ராகி பாதிதான் விளைந்தது. அடுத்த வருஷம் அதுவும் இல்லை. 1952 பிறந்தபோது ஸ்டேஷன் கிணற்றைத் தவிர ஊரில் எல்லாக் கிணறும் வறண்டுவிட்டன. மாமரங்கள் பூத்த பூவைப் பிஞ்சு பிடிக்காமலேயே கொட்டின. மாடுகளை ஓட்டிக்கொண்டு போக மைசூர்ப் பக்கத்து வியாபாரிகள் வந்தார்கள். மாடு போன வீடுகளில் அடுத்து ஆட்கள் போனார்கள். சிலர் பெங்களூருக்கு, சிலர் எங்கே என்று சொல்லாமலே. மிச்சமிருந்தவர்கள் புளியங்கொட்டையை வறுத்து ஊறவைத்துத் தின்றார்கள். கற்றாழைக் குருத்தை மூன்று தண்ணீர் மாற்றி வேகவைத்துத் தின்றார்கள். கூட்ஸ் ஷெட்டிலும் சிந்துவதற்குத் தானியம் வரவில்லை.

மிஷன் பள்ளிக்கூடத்து ஜான்பீட்டர் வாத்தியார் அப்போதுதான் ஐந்தாறு பேரைச் சேர்த்து அன்ன சகாய சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார். கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் இரண்டு அண்டாவை வைத்துக் கஞ்சித் தொட்டி தொடங்கியது. கேங்க் வீட்டுப் பெண்கள் தங்கள் உலைக்கு மாவு எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியாக எடுத்து வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கிருஷ்ணகிரி மண்டிக்காரர் ஒருவர் வெல்லம் அனுப்பினார். விறகு கொண்டுவந்து போட்டவர்கள், தண்ணீர் சேந்தியவர்கள், வரிசையை ஒழுங்கு பண்ணியவர்கள் எல்லோரும் சம்பளமில்லாத ஆட்கள். எல்லோரையும் விடப் பெரிய கொடையாளி கல்லாவி நாராயணப்பன். அறுபது ஏக்கர் நிலம், மூன்று கிணறு, தலைவாசலில் கூண்டு வண்டி. மாதம் தவறாமல் அவர் வீட்டிலிருந்து ஒரு மூட்டை வந்துவிடும். அவர் கொடுக்கிறார் என்பதற்காகவே கொடுத்தவர்களும் உண்டு.

செல்வம்மாள் முதல் மாதம் சட்டியோடு வரிசையில் நின்றவள்தான். ஒருநாள் துடுப்புப் போடுகிற அம்மாளுக்குத் தலை சுற்றிவிட்டது. செல்வம்மாள் சட்டியைக் கீழே வைத்துவிட்டுத் துடுப்பை வாங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் வரிசைக்குத் திரும்பவில்லை. விடிவதற்கு முன்னே அடுப்பு மூட்டி, வெயில் ஏறுவதற்குள் இருநூறு பேருக்கு ஊற்றி, கடைசியில் அண்டாவை வழித்துத் தனக்கு ஒரு குவளை எடுத்துக்கொள்வாள்.

சித்திரை வந்தது. இருநூறு முந்நூறானது. கஞ்சி நாளுக்கு நாள் தண்ணீராகிக்கொண்டே போனது. குவளையில் ஊற்றினால் அடியில் கிடக்கிற நொய்யை எண்ணிவிடலாம். வரிசையில் முன்பெல்லாம் சண்டை நடக்கும், சிரிப்புக் கேட்கும். இப்போது முந்நூறு பேர் நின்றாலும் பேச்சுக் கேட்பதில்லை. ஊர் நாய்கள் ஒன்றொன்றாகக் காணாமல் போயின. எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை.

இந்த நிலைமையில்தான், ஒரு புதன்கிழமை சாயங்காலம், நாராயணப்பன் வீட்டு வண்டி ஆறு மூட்டைச் சோளத்தோடு வந்து நின்றது.

வண்டி ஓட்டிவந்த எல்லப்பன் மூட்டைகளை இறக்கினான். ஒன்றின் மூலை கிழிந்து, இறக்கின இடத்தில் கொஞ்சம் சோளம் கொட்டியது. வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு மூட்டை. பத்து நாளைக்குக் கெட்டியான கஞ்சி. "நாளைக்குக் காலையில ஐயாவே நேர்ல வர்றாராம். அவர் கையால ஊத்தி ஆரம்பிக்கணுமாம்," என்றான் எல்லப்பன்.

செல்வம்மாள் ஒரு கை சோளத்தை அள்ளிப் பார்த்தாள். இரண்டு வருஷமாகத் தானியத்தைப் புடைத்தவள் அவள். மணி திரட்சியாக, ஒன்றுபோல, பூச்சியே படாமல் இருந்தது. பஞ்ச காலத்தில் இப்படி ஒரு சோளத்தை யாரும் தானம் கொடுப்பதில்லை. மணிகளின் மேல் பொடி ஒட்டியிருந்தது. களத்து மண் இல்லை. சாம்பலும் இல்லை. லேசான ரோஸ் நிறம். கையை முகர்ந்தாள். மருந்துக்கடைக்குள் நுழைந்தது போல ஒரு வாசனை.

"என்னா எல்லப்பா, இன்னா பொடி இது?"

"எனக்கின்னா தெரியும் அக்கா. காரியக்காரரு ஏத்தச் சொன்னாரு, ஏத்திக்கினு வந்தேன்."

மூட்டைகளின் வாயில் ஏதோ சீட்டு தைத்திருந்து, அதை யாரோ கத்தியால் அறுத்து எடுத்த அடையாளம் இருந்தது. நூல்முனைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

காலையில் காய்ச்சுவதற்காக ஒரு மூட்டையை அன்று சாயங்காலமே தொட்டியில் கொட்டிக் கழுவினாள். முதல் தண்ணீர் இளஞ்சிவப்பாக வந்தது. இரண்டாவது தண்ணீரும் அப்படியே. ஐந்தாவது தண்ணீரில்தான் நிறம் போயிற்று. கழுவின தண்ணீர் வாய்க்கால் வழியாக ஓடி, சிக்னல் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றுகிற சூசையின் வீட்டுப் பக்கம் தேங்கி நின்றது.

அவள் கழுவிக்கொண்டிருந்தபோது, வண்டி நின்ற இடத்தில் ஒருத்தி குந்தியிருந்து, சிந்தின சோளத்தை வழித்து மடியில் கட்டினாள். அத்தோடு விடவில்லை. கிழிந்த மூலைக்குள்ளும் கையை விட்டு அள்ளினாள். அவள் பெயர் கெம்பம்மா. மைசூர் எல்லைக்கு அந்தப்பக்கத்து ஊரிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். புருஷன் பெங்களூருக்கு வேலை தேடிப் போய் ஆறு மாதமாகச் சேதி இல்லை. ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. செல்வம்மாள் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு மூன்று படி இருக்கும், போகட்டும் என்று விட்டுவிட்டாள். அந்தத் தயவை நினைத்து அவள் பின்னால் வருஷக்கணக்காக நொந்துகொண்டாள்.

மறுநாள் விடியற்காலை அவள் அடுப்பு மூட்டப் போனபோது, சூசை தன் வீட்டு வாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். எதிரே மூன்று கோழிகள். ஒன்று செத்துக் கிடந்தது. இன்னொன்று கழுத்தை முறுக்கிக்கொண்டு ஒரே இடத்தில் வட்டமாகச் சுற்றியது. மூன்றாவது எழுந்து நிற்கப் பார்த்துப் பக்கவாட்டில் சாய்ந்தது.

அந்தச் சுற்றலைப் பார்த்ததும் செல்வம்மாளுக்குப் பழைய ஞாபகம் வந்தது. கோலாரில் அவள் ஒரு வெள்ளாடு வளர்த்தாள். சுரங்கத்துக் கழிவு மண்ணை, தங்கம் பிரிக்கப் போட்ட சயனைடு விஷத்தோடு, மலைபோலக் கொட்டியிருப்பார்கள், சைனைட் மேடு என்று பேர். ஆடு மாடு போகாமல் கம்பிவேலி இருக்கும். ஒரு மழைநாளில் புல்லுக்கு ஆசைப்பட்டு, வேலி தாழ்ந்த இடத்தில் அவளே ஆட்டை உள்ளே தூக்கிவிட்டாள். அது மேட்டடியில் தேங்கின தண்ணீரில் வாய் வைத்தது. பளிங்கு மாதிரித் தெளிவான தண்ணீர். நாலு எட்டு நடப்பதற்குள் கால் பின்னி விழுந்தது. தெளிவாக இருப்பது நல்லதாகத்தான் இருக்கும் என்கிற நம்பிக்கை அன்றோடு அவளுக்குப் போய்விட்டது.

அடுப்பு மூட்டாமல் நேரே வாத்தியார் வீட்டுக்கு ஓடினாள்.

ஜான்பீட்டர் வாத்தியார் வந்து கோழிகளைப் பார்த்தார். ஊறிக் கிடந்த சோளத்தையும் பார்த்தார்.

"இது வெள்ளைக் கழிச்சல், செல்வம்மா. அந்த நோய் வந்தா கழுத்து இப்படித்தான் திருகிக்கும்."

"கழிச்சல்னா சூசையண்ணன் வூட்டு எட்டு கோழிக்கும் வந்திருக்கணுமே வாத்தியாரய்யா. கழுவின தண்ணிப் பக்கம் மேஞ்சது மூணு. விழுந்ததும் அந்த மூணுதான்."

"அஞ்சு தண்ணி கழுவியாச்சுன்னு நீதானே சொன்ன? இனிமே கொதிக்க வேற வைக்கப் போறோம்."

"கழுவினது வெளிய ஒட்டினதத்தான். உள்ள எறங்கினது எங்க போவும்?"

வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். "முந்நூறு பேர் வரப் போறாங்க. நேத்தே கஞ்சி தண்ணியாத்தான் ஊத்தினோம். வேற மாவு ஒரு படி கிடையாது. பத்து மணிக்கு நாராயணப்பன் வர்றார். அவர்கிட்ட போயி, உங்க சோளம் விஷம், எடுத்துக்கிட்டுப் போங்கன்னா சொல்றது? அவர் கைய மடக்கினா இந்தத் தொட்டியே இல்ல. ஒரு கோழிய வெச்சு இத்தனை வயித்த மூடச் சொல்றியா?"

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை என்பது செல்வம்மாளுக்கும் தெரியும். தான் சொல்வதற்குத்தான் சாட்சி இல்லை.

"நான் துடுப்புப் போட மாட்டேங்க," என்றாள்.

"நீ போடலேன்னா வேற யாராச்சும் போடுவாங்க, செல்வம்மா."

அதுவும் உண்மைதான். வெளியே அதற்குள் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். நேற்றே சேதி பரவிவிட்டது. கெட்டிக் கஞ்சி என்று கேள்விப்பட்டு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் சட்டியோடு வந்துகொண்டிருந்தார்கள். குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, நடக்க முடியாதவர்களைத் தாங்கிக்கொண்டு, ரயில் பாதை ஓரமாகச் சத்தமில்லாமல் வந்தார்கள்.

செல்வம்மாள் சூசையிடம் போனாள். "அண்ணா, வெளக்கு எண்ணெ எவ்ளோ இருக்குது?"

சூசை அவள் முகத்தைப் பார்த்தார். செத்த கோழியைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் விளக்கு அறையைத் திறந்து இரண்டு டின் மண்ணெண்ணெயைத் தூக்கிக் கொடுத்தார். அது ரயில்வே எண்ணெய். கேள்வி வந்தால் வேலை போகும். பின்னால் மூன்று மாதம் தன் வீட்டு விளக்கைக் கொளுத்தாமல், ரேஷன் எண்ணெயைச் சேர்த்துத்தான் அந்தக் குறையை அவர் நிரப்பினார்.

வாத்தியார் வரிசையை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தபோது, செல்வம்மாள் ஷெட்டுக்குள் போய் ஐந்து மூட்டைகளின் வாயையும் அவிழ்த்து எண்ணெயை ஊற்றினாள். ஊறவைத்த தொட்டியிலும் ஊற்றினாள். துடுப்பால் நன்றாகக் கிளறிவிட்டாள். வாசனை வெளியே போகத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.

முதலில் ஒரு பெண்தான் எட்டிப் பார்த்தாள். அவள் கத்தவில்லை. "சோளத்துல எண்ணெய ஊத்திட்டா," என்று திரும்பிச் சொன்னாள். அவ்வளவுதான். அந்த வார்த்தை வரிசையின் கடைசிவரை போனது. முந்நூறு பேரின் முகமும் ஒரே சமயத்தில் அவள் பக்கம் திரும்பியது. யாரோ ஒருவன் பாதையில் கிடந்த ஜல்லிக் கல்லை எடுத்தான். அது அவள் புருவத்துக்கு மேலே பட்டது. இரண்டாவது கல் தோளில். வாத்தியார் ஓடிவந்து அவளுக்கு முன்னால் நின்றார். அவர் முகத்திலும் கோபம்தான் இருந்தது. ஆனாலும் நகரவில்லை.

அந்த நேரத்தில்தான் கூண்டு வண்டியிலிருந்து நாராயணப்பன் இறங்கினார்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் கறுத்தது. அவளை மேலும் கீழும் பார்த்தார். "என் கையால குடுத்த சோளத்த விஷம்னு சொல்றியா நீ?"

"நீங்க வெச்சிங்கன்னு சொல்லலீங்க ஐயா. அதுல இருக்குதுன்னு சொல்றேன்."

"கொண்டாம்மா ஒரு பிடி. இவங்க எல்லார் முன்னாலயும் நான் திங்கிறேன்."

"மண்ணெண்ண ஊத்திட்டனுங்களே ஐயா. யாரும் திங்கக் கூடாதுன்னுதான் ஊத்தினேன்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். அந்த வண்டி போவதை முந்நூறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் சோறு போகிறது என்றே அவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

மண்ணெண்ணெய்ச் சோளத்தைக் கூடக் கழுவித் தின்னலாமே என்று சிலர் சொல்லத் தொடங்கியதும், வாத்தியாரும் சூசையும் ஷெட்டுக்குப் பின்னால் ஆளுயரக் குழி வெட்டி எல்லாவற்றையும் கொட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். யாரும் தோண்டிவிடக் கூடாது என்று செல்வம்மாள் ஒரு வாரம் அந்தக் குழியின் மேலேயே படுத்தாள்.

அன்று சாயங்காலமே அவள் கெம்பம்மா குடிசைக்குப் போனாள். நெற்றியில் துணி கட்டியிருந்தது.

"கெம்பம்மா, நேத்து எடுத்துக்கினு வந்த சோளத்தக் கொட்டிடு. அது திங்கிற சோளம் இல்ல."

கெம்பம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். "நான் எடுக்கலக்கா."

"நான் பாத்தேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். கொட்டிடு."

"தேவராணெ, சாமி சத்தியமா எடுக்கலக்கா. திருடின்னு பேரு வெக்காதீங்க." கண்ணில் தண்ணீர் நின்றது. பின்னால் திருகைக் கல் அப்போதுதான் கழுவி ஈரமாக இருந்தது.

உள்ளே நுழைந்து பானையைத் திறந்து பார்த்திருக்கலாம். பசித்தவள் வீட்டுப் பானையைத் திறந்து பார்க்கச் செல்வம்மாளுக்குக் கை வரவில்லை. "பாப்பாவுக்காவது குடுக்காத," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

மூன்று நாள் தொட்டியில் அடுப்பு எரியவில்லை. கேங்க் வீட்டுப் பெண்கள் தங்கள் களியைப் பிட்டுக் குழந்தைகளுக்கு மட்டும் கொடுத்தார்கள். பெரியவர்களுக்கு ஒன்றுமில்லை. மூன்றாம் நாள், ராமப்பன் என்கிற வயசான கூலிக்காரர் ஸ்டேஷன் கிணற்றடியில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கோலார்க்காரி கொன்றுவிட்டாள் என்று ஊர் சொன்னது. அவள் காதுபடவே சொன்னது.

அதைவிட மோசமாக அவள் மனசே கேட்டது. வெறும் கழிச்சலாகவே இருந்துவிட்டால்? ரோஸ் பொடி ஏதோ சாயமாகவே இருந்துவிட்டால்? ஆறு மூட்டைச் சோளத்தைப் பஞ்சத்தில் புதைத்தவள் ஆகிவிடுவாளே. கோழி செத்தது சரி, மனுஷர் யாரும் சாகவில்லையே. மூன்று நாளாயிற்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தான் சொன்னது பொய்யாகிப்போக வேண்டும் என்று ஒரு நேரம் வேண்டிக்கொள்வாள். பொய்யானால் ராமப்பனுக்கு என்ன பதில் சொல்வது என்று மறுநேரம் நடுங்குவாள்.

நாலாம் நாள் தொட்டி மறுபடி திறந்தது. கேங்க் வீட்டுப் பிடிமாவும், மண்டிக்காரர் அனுப்பிய நொய்யும், யார் யாரோ கொண்டுவந்த சாமையும் கலந்து ஆளுக்கு அரைக் குவளை. வாத்தியார் அவளைத் தனியே கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்கு நீ துடுப்புப் பக்கம் வராத, ஜனங்க கோபமா இருக்காங்க," என்றார். சரி என்றாள். ஆட்கள் வருவதற்கு முன்னே கிணற்றிலிருந்து நாற்பது குடம் தண்ணீர் சேந்தி அண்டாவை நிரப்பிவிட்டு, ஷெட்டுக்குப் பின்னால் போய்விடுவாள். எல்லோரும் போன பிறகு வந்து பாத்திரம் தேய்ப்பாள். அப்படி இருபது நாள்.

இருபத்தோராம் நாள் வரிசையில் நின்ற கெம்பம்மாவின் கையிலிருந்து சட்டி நழுவி விழுந்து உடைந்தது. எடுக்கக் குனிந்தவள் தரையை எட்டமுடியாமல் தடுமாறினாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கள் குடித்தவளைப் போல அவள் காலை அகட்டி அகட்டி நடந்ததைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். ஷெட்டுக்குப் பின்னாலிருந்து பார்த்த செல்வம்மாள் சிரிக்கவில்லை. கோலார் வெள்ளாடு அப்படித்தான் காலைப் பின்னியது. ஓடிவந்து அவளைத் தாங்கினாள்.

"ஒதடு மரத்துப் போச்சக்கா," என்றாள் கெம்பம்மா. நாக்கு குழறியது. "வெரலு என்னுது இல்லாத மாதிரி இருக்குது. பக்கத்துல வர்றவங்க தெரியல. குழா வழியா பாக்கிற மாதிரி நேரே மட்டும் தெரியுது."

"எவ்ளோ நாளா திங்கிற?"

இந்த முறை அவள் மறைக்கவில்லை. "தினம் ஒரு பிடி. தீந்துபோயி நாலு நாளாச்சு. தொட்டிக் கஞ்சிய பாப்பாவுக்குக் குடுத்துட்டு, நான் அதத் தின்னேன். நீங்க சொன்னீங்களேன்னு பாப்பாவுக்குக் குடுக்கலக்கா."

வாத்தியார் அன்றே ஆள் அனுப்பிக் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு டாக்டரை வரவழைத்தார். டாக்டர் குழியைத் தோண்டச் சொல்லி, ஒரு பிடி சோளத்தைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு போனார். பத்து நாளில் கடிதம் வந்தது. விதைக்குப் பூஞ்சை பிடிக்காமலிருக்கத் தடவுகிற மருந்து, பாதரசம் சேர்ந்தது, கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது, மெள்ள மெள்ளத்தான் காட்டும், காட்டின பிறகு செய்வதற்கு அதிகம் இல்லை.

வாத்தியார் அந்தக் கடிதத்தை வரிசையின் முன்னால் நின்று வாசித்தார். வாசித்து முடித்ததும் செல்வம்மாளைப் பார்த்துக் கை கூப்பினார். அன்றைக்குக் கல்லெறிந்தவனும் அங்கேதான் நின்றிருப்பான். அவன் யார் என்று அவள் தேடவில்லை.

நாராயணப்பனுக்கும் சேதி போயிற்று. அவர் வண்டி கட்டாமல் கல்லாவியிலிருந்து நடந்தே வந்தார். கெம்பம்மா குடிசையில், வாயோரம் எச்சில் வழிய அவள் படுத்திருப்பதையும், சுவரைப் பிடித்து எழுந்திருக்கப் பார்ப்பதையும் நின்று பார்த்தார். விதைக்கென்று பெங்களூர்த் தரகன் ஒருவனிடம் வாங்கின சோளம் அது. மழையில்லாததால் விதைக்கவில்லை. வீணாகப் போகிறதே, தர்மத்துக்காவது ஆகட்டும் என்று அனுப்பச் சொன்னார். மூட்டை வாயில் தைத்திருந்த சிவப்பு எழுத்துச் சீட்டை அறுத்து எடுத்தவர் அவருடைய காரியக்காரர் வெங்கடப்பன். வெங்கடப்பனுக்கு இங்கிலீஷ் தெரியாது. கழுவினால் சரியாகிவிடும் என்று தரகன் சொன்னதை நம்பியிருந்தார்.

"நான் திங்காதத நான் குடுத்திருக்கக் கூடாது," என்றார் நாராயணப்பன். மறுநாள் அவர் வீட்டுத் தானியக் குதிர்களைத் திறந்து, அவர் குடும்பம் தின்ன வைத்திருந்த ராகி தொட்டிக்கு வந்தது. மழை வருகிறவரை வந்துகொண்டிருந்தது. அவர் வீட்டிலும் அந்த வருஷம் ஒருவேளைதான் களி கிண்டினார்கள் என்று எல்லப்பன் சொன்னான்.

ராகி வந்த அன்று செல்வம்மாள் துடுப்பை மறுபடி கையில் எடுத்தாள். எடுத்தவள் எல்லப்பனிடம் ஒரு கேள்வி கேட்டாள். ஒரு மாதத்துக்கு மேலாக அது யாருக்கும் தோன்றவில்லை.

"விதைச் சோளம் மொத்தம் எத்தன மூட்ட வந்திச்சு?"

எல்லப்பன் விரலை மடக்கிப் பார்த்தான். "பத்துக்கா."

வெங்கடப்பனைக் கூட்டிவந்து கேட்டார்கள். மிச்ச நாலு மூட்டையை அவர் விற்றிருந்தார். இரண்டு, ஊத்தங்கரைச் சந்தைக் கடைக்காரர் ஒருவருக்கு. இரண்டு, ஓசூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு வியாபாரிக்கு. பேர் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்றே வாத்தியாரும் செல்வம்மாளும் ஊத்தங்கரைக்குப் போனார்கள். நல்ல வேளை, கடைக்காரர் விலை ஏறட்டும் என்று மூட்டைகளைப் பிரிக்காமல் வைத்திருந்தார். நாராயணப்பன் ஆள் அனுப்பி அவற்றைத் திருப்பிக்கொண்டுவந்து எரித்தார். மற்ற இரண்டுக்காக அவர்கள் ஓசூருக்கு பஸ் ஏறினார்கள். சந்தையில் கடை கடையாகக் கேட்டார்கள். செல்வம்மாள் கன்னடத்திலும் தெலுங்கிலும் கேட்டாள். கோலாரில் பழகிய பேச்சு. ஒருவர் கடைசியில் சொன்னார்: அப்படி ஒரு ஆள் வருவான், ஆனேக்கல் பக்கத்துக்காரன், சோளத்தைக் கழுதைமேல் ஏற்றிச் சோதனைச் சாவடிக்குத் தெரியாமல் காட்டுவழியாக அந்தப்பக்கம் கொண்டுபோவான். ராஜ்யம் விட்டு ராஜ்யம் தானியம் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் இருந்த காலம். ஆகவே அதைப் பற்றித் தெரிந்தவர்கள் வாய் திறக்கவில்லை. திறந்தவர்களுக்குத் தெரியவில்லை.

வாத்தியார் பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. செல்வம்மாள் திரும்பவில்லை. எல்லையைத் தாண்டிப் போய் ஆறு நாள் ஊர் ஊராக நடந்தாள். கோழி செத்ததா, யாருக்காவது கால் தள்ளாடுகிறதா என்று வீட்டு வாசல்களில் நின்று கேட்டாள். பிச்சைக்காரி என்று நினைத்துச் சிலர் விரட்டினார்கள், சிலர் தண்ணீர் கொடுத்தார்கள். பஞ்சத்தில் கால் தள்ளாடாதவர் யார் இருக்கிறார்கள், போம்மா என்றார் ஒரு ஊர்க்கவுடர்.

அடுத்த வருஷம் மழை வந்தது. கஞ்சித் தொட்டியை மூடினார்கள். சங்கம் மூடவில்லை. கெம்பம்மாவைப் போலப் படுத்துவிட்டவர்களுக்கும், போக்கிடம் இல்லாதவர்களுக்கும் ஒருவேளைச் சோறு அங்கேயே தொடர்ந்தது. கெம்பம்மாவின் நடை திரும்பவில்லை. பார்வையும் விரியவில்லை. அவளையும் குழந்தையையும் செல்வம்மாள் தன் குடிசைக்கே கூட்டிவந்துவிட்டாள். காலையில் அவளுக்கு ஊட்டிவிட்டுத்தான் தொட்டிக்குப் போவாள்.

மாதத்தில் ஒரு சந்தைநாள் மட்டும், அந்தப் பொறுப்பைச் சூசை மனைவியிடம் விட்டுவிட்டு, அந்த இரண்டு மூட்டையைப் பற்றி விசாரிக்க ஓசூருக்கும் அதற்கு அப்பாலும் பஸ் ஏறுவாள். 1954 வாக்கில், அத்திப்பள்ளியைத் தாண்டி ஓடுகிற பஸ்ஸின் கண்டக்டர் ஒருவர் அவளிடம் ஒன்று சொன்னார். ஆனேக்கலுக்கு அப்பால் காட்டோரம் ஏதோ ஒரு சின்ன ஊரில், வீட்டுக்கு ஒருவர் இருவராகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்களாம். ஏதோ சாமி குத்தம் என்று பேசிக்கொள்கிறார்களாம். ஊர்ப்பேர் அவருக்கு நினைவில்லை. பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு போனதைக் கேட்டதுதான்.

பஸ் அடுத்து நின்ற இடத்திலேயே செல்வம்மாள் இறங்கிக்கொண்டாள். பகல் வெளிச்சம் இன்னும் இருந்தது. காட்டுப் பக்கம் போகிற வண்டித்தடம் எது என்று டீக்கடையில் கேட்டாள். மூன்று தடம் போகிறது, எது வேணும் என்றார் கடைக்காரர்.